சம்பந்தி ரத்தம்

என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. நகையில் தகராறு இல்லை. மாப்பிள்ளை மனசில் வேறு யாரும் இல்லை. நிச்சயதார்த்தச் சாப்பாட்டில்கூட யாரும் குறை சொல்லவில்லை. காரணம் இரும்பு. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவளுக்கு உடம்பில் இரும்பு இல்லை என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் இருந்தேன் என்றால் மாப்பிள்ளைக்குக் காத்திருந்தேன் என்று அர்த்தம். ரத்தத்தைப் பற்றி அப்போது யாராவது என்னிடம் கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் ஒப்பித்திருப்பேன். பாதிக்கு மேல் வெளிர்மஞ்சள் தண்ணீர். மற்றதெல்லாம் அதில் மிதப்பது. வெள்ளை அணுக்கள் கிருமியோடு மல்லுக்கு நிற்க. தட்டணுக்கள் காயம் பட்டால் ஓடிவந்து அடைக்க. சிவப்பணுக்கள் மூச்சுக்காற்றைச் சுமந்து ஊரெல்லாம் சேர்க்க. சிவப்பணு பார்ப்பதற்கு ஓட்டை போட மறந்த உளுந்த வடை மாதிரி இருக்கும். அதற்குள் ஹீமோகுளோபின், அதற்குள் இரும்பு. அந்த இரும்புதான் நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு போய் உடம்பில் இறக்கிவைக்கிறது. படம் வரைந்து பாகம் குறித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். என் ரத்தம் மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

இருந்திருக்கலாம். செய்முறை வகுப்பில் ஒருமுறை அவரவர் விரலைக் குத்தி அவரவர் ரத்தத்தையே அளக்கச் சொன்னார்கள். ரத்தத்தை அமிலத்தில் கலந்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு வந்ததும் அளவைப் படிக்க வேண்டும். என் குழாய் சட்டென்று வெளுத்துப்போனது. "என்னம்மா, குடத்தோட ஊத்திட்டியா?" என்று கேட்ட ஆசிரியை, பக்கத்து மேசைக்காரியின் அளவையே எழுதிக்கொள்ளச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த நாளில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பச்சரிசியைக் கண்டால் விட மாட்டேன். சோறாக இல்லை, அரிசியாகவே. ஒரு பிடியை வாயில் போட்டு நறநறவென்று மென்றால்தான் எனக்குப் பொழுது போகும். கைப்பையின் உள்ளறையில் எப்போதும் அரிசி இருக்கும். கல்லூரித் தோழிகள் என்னைக் கண்டால் கோழியைக் கூப்பிடுவது மாதிரி "பா... பா..." என்று கூப்பிடுவார்கள். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அம்மா அரிசி டின்னை ஒளித்துவைத்தாள். என் உடம்புக்காக இல்லை, பந்தலுக்காக. "திண்டுக்கல்லுல மழை பெஞ்சா நல்லதுதானம்மா" என்பேன். முதுகில் ஒன்று விழும்.

அரிசியைவிட எங்கள் வீட்டில் பெரிய விஷயம் கலர். அம்மா வெள்ளை வெளேர் என்று இருப்பாள். நானும் அப்படியே. "எங்க வம்சமே கலரு" என்று அம்மா யாரிடமாவது சொல்லாத நாள் கிடையாது. கடைவீதிக்குப் போனாலும் குடை, கோயிலுக்குப் போனாலும் குடை. கணக்கு வாத்தியாரான அப்பா மாநிறம். அம்மாவின் வம்சப் பேச்சு தொடங்கினால் எழுந்து போய்விடுவார்.

நிலக்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மல்லிகைத் தோட்டக்காரர்கள், எங்களைப் போலவே கத்தோலிக்கர்கள், மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. மாப்பிள்ளையின் அம்மா நல்ல கருப்பு. பிற்பாடு என் மாமியார் ஆனவர் என்பதால் இங்கேயும் அவரை அத்தை என்றே சொல்லிவிடுகிறேன். அத்தை என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "எங்கூர்ப் பூவு கெட்டுச்சு போங்க. எம்புட்டு வெள்ளை!" என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளங்கை வெளுத்திருந்தால் ரத்தசோகை என்று படித்துத் தேறியிருந்த நான் வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டேன்.

கல்யாணம் நிச்சயமானால் எங்களில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று பூசையில் எல்லோருக்கும் கேட்க அறிவிப்பார்கள். பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர், விக்கினம் என்றால் தடை. ஏற்கெனவே தாலி கட்டியவரா, கட்டக்கூடாத முறையா என்பதெல்லாம் அதில் அடக்கம். மூன்றாம் ஓலை வாசித்து முடித்தால்தான் பந்தக்கால் ஊன்றலாம்.

முதல் ஓலை நல்லபடியாகப் போனது. இரண்டாம் ஓலையன்று நான் வெறும் வயிறு. பூசையில் இயேசுவின் உடலும் ரத்தமுமாகக் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்கும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அப்படியெல்லாம் கிடக்க வேண்டாம் என்று சாமியார்களே தளர்த்தி எத்தனையோ வருஷமாகியும் அம்மா தளர்த்தவில்லை. முழங்காலில் இருந்து எழுந்தேன். ஓலையில் என் பெயர் காதில் விழுந்தது. பிறகு பீடத்து மெழுகுதிரிகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. கண்ணைத் திறந்தபோது நான் தரையில் கிடந்தேன், யாரோ முகத்தில் சோடா தெளித்திருந்தார்கள், சுற்றிலும் பெண்களின் முகங்கள்.

அந்த முகங்களை நான் மறக்க மாட்டேன். ஒன்றிலும் பயம் இல்லை, எல்லாவற்றிலும் கணக்கு. கல்யாணம் ஆகாத பெண் மயங்கி விழுந்தால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "எத்தனாவது மாசமாம்?" என்று ஒருத்தி கேட்டது எனக்கே கேட்டது. பூ இறக்க வந்த வேன்கள் நிலக்கோட்டைக்குத் திரும்பும்போது இந்தச் செய்தியை ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். மறுநாள் காலை அத்தை எங்கள் வாசலில் நின்றார்.

"சும்மா பாத்துட்டுப் போவோம்னு வந்தேன் மதினி" என்றார் அம்மாவிடம். கையில் ஒரு பந்து மல்லிகை. சும்மா வந்த முகமாக இல்லை. "புள்ளைய ஒரு எட்டு டாக்டரம்மாட்ட காட்டிருவோமே. நானும் கூட வாரேன்."

டாக்டரம்மா என்றால் பிரசவம் பார்ப்பவர். அந்த வாசலை மிதித்தாலே ஊர் முடிவு கட்டிவிடும். மாட்டோம் என்றால் அத்தை முடிவு கட்டிவிடுவார், மூன்றாம் ஓலை வாசிக்கப்படாது. அம்மா என்னை உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏண்டி, எங்கிட்ட மட்டும் சொல்லு. ஒன்னுமில்லேல?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அரிசியத் தவிர நான் எதையும் தொடலம்மா" என்றேன்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர், பேசினால் அதட்டுபவர். என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தை அமுக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அரிசி திம்பியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா முந்திக்கொண்டாள். "நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன் டாக்டரம்மா, கல்யாணத்தன்னைக்கு மழை வரும்டின்னு."

"மழை வராதும்மா, மயக்கம்தான் வரும். இரும்புச்சத்து கொறஞ்சா சில பேருக்கு அரிசி, மண்ணு, சாம்பல்னு ஆசை வரும்."

விரலைக் குத்தி என் ரத்தத்தை அளக்கச் சொன்னார். அத்தை மெல்ல இருமி, "அதோட இன்னொன்னும் பாத்துருங்க" என்றார். டாக்டரம்மாவுக்குப் புரிந்தது. அந்தச் சோதனையும் நடந்தது. அப்படி ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னதும் அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அம்மா அழுதாள். அத்தை என் கன்னத்தைத் தடவி, கொண்டுவந்த பூவை அப்போதுதான் என் தலையில் வைத்துவிட்டார். நான் மகாகோபத்தில் இருந்தேன், ஆனால் பூ நல்ல வாசமாக இருந்தது.

"செத்த இருங்க" என்றார் டாக்டரம்மா. "சந்தோஷப்படுறதுக்கு இன்னும் ஒன்னும் ஆகல. இருக்க வேண்டிய ரத்தத்துல இவளுக்குப் பாதிதான் இருக்கு." என் பக்கம் திரும்பி, "மாசாமாசம் எத்தனை நாளு உதிரம் படுது?" என்று கேட்டார்.

வருங்கால மாமியார் எதிரில் சொல்ல வேண்டியிருந்தது. பத்து நாளுக்குக் குறையாது என்றேன்.

"எல்லாருக்கும் அம்புட்டு நாளுதானே?" என்றாள் அம்மா.

"உங்களுக்கு?"

"எனக்கு இவளவிடக் கூடத்தான்." அம்மா அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துவந்து அம்மாவின் இமையை இழுத்துப் பார்த்தார். உடனே விரலையும் குத்தச் சொன்னார். அதே அமிலம், அதே பழுப்புக் கண்ணாடி. குழாயோடு வந்த பெண் நம்பாமல் இன்னொரு விரலையும் குத்தினாள். அம்மாவுடையது என்னுடையதைவிடக் குறைவு.

"நீங்க எப்படிம்மா இங்க வந்து சேந்தீங்க?" என்று அதட்டினார் டாக்டரம்மா.

"ஆட்டோவுலதான்" என்றாள் அம்மா.

அத்தை சும்மா இருப்பாரா? தன் இமையைத் தானே இழுத்துக் காட்டி, "என்னையும் ஒரு தடவ பாத்துருங்க" என்றார். பார்த்தார்கள். "இந்த ரூம்ல ரத்தம் இருக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றார் டாக்டரம்மா.

"கருப்பால்ல இருக்கேன்?"

"அதுக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல. இவுங்க ரெண்டு பேரும் கலரு இல்லம்மா. வெளுத்துப் போயிருக்காங்க."

அம்மா, "எங்க வம்சமே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்காமல் விட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. எனக்குப் பாவமாக இருந்தது. அத்தையோ, கருப்பு என்று பிறந்ததிலிருந்து கேட்டுவந்தவர், ரத்தத்தில் முதல் மார்க் வாங்கிய பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா எனக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். எலுமிச்சை ஜூஸோடு விழுங்க வேண்டும், டீயோடு கூடாது. அம்மாவுக்கு மாத்திரை போதாது, இருதயம் திணறிக்கொண்டிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். கல்யாணம் முடியட்டும் என்றாள் அம்மா. கல்யாணத்தன்று விழப்போவது நீங்கள்தான் என்றார் டாக்டரம்மா. "அப்ப ஓலையத் தள்ளிவைக்கணும். தள்ளிவச்சா ஊரு என்ன சொல்லும்? நான் ஏத்திக்கிற மாட்டேன்" என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். என் கல்யாணத்துக்கும் அம்மாவின் உயிருக்கும் நடுவில் இப்போது ஒரு ஓலை நின்றது.

அத்தைதான் வழி சொன்னார். "ஓலைய ஏன் மதினி தள்ளணும்? நீங்க பாட்டுக்கு ஆஸ்பத்திரியில படுங்க. அது பாட்டுக்கு வாசிக்கட்டும்."

அடுத்து ரத்தத்துக்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அம்மா ஓ வகை. ஓ வகைக்காரர்கள் சிவப்பணுவை யாருக்கும் கொடுக்கலாம். வாங்குவது மட்டும் தங்கள் வகையிடமே. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிறவளைப் பார்த்திருந்தால் அது அம்மாவுக்குப் பொருத்தமான வகைதான் என்பீர்கள். அப்பா வேறு வகை. நான் கடன் கொடுக்கிற நிலையில் இல்லை. பெரியப்பாவுக்கு அன்று பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் ஒத்துப்போனது அத்தையின் ரத்தம்தான். இன்னொரு பாட்டில் ரத்த வங்கியில் கிடைத்தது, யார் கொடுத்ததோ.

பாட்டிலை மாட்டியதும் அம்மா என்னைக் குனியச் சொல்லிக் காதில் கேட்டாள்: "அவுக ரத்தம் ஏறுனா நான் கருத்துருவேனாடி?" ஆஸ்பத்திரி என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். நிறம் தோலில் இருக்கிற சமாச்சாரம், பாட்டிலில் வராது என்றேன். அம்மா செத்த நேரம் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலருகே உட்கார்ந்திருந்த அத்தையின் கையைப் பிடித்தாள். "இனிமே நான் ஒங்கள மதினின்னு கூப்புட மாட்டேன். ஒங்க ரத்தம் என் ஒடம்புல ஓடுது. நீங்க எனக்குக் கூடப்பொறந்த அக்கா."

அத்தைக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். கால்மாட்டில் நின்றிருந்த அப்பாவின் முகம் மட்டும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் கேட்டார்: "அக்கா தங்கச்சி பிள்ளைக நமக்குள்ள என்ன முறை?"

"அண்ணன் தங்கச்சி."

"அப்ப மாப்பிள்ளை ஒனக்கு என்ன முறை?"

மதினியின் மகனைக் கட்டலாம். அக்காவின் மகனை எப்படிக் கட்டுவது? நான் படித்த படிப்பையெல்லாம் திரட்டினேன். முதிர்ந்த சிவப்பணுவுக்குள் உட்கருவே கிடையாது, குடும்பச் சாயலைக் கொண்டுபோகும் சரக்கு எதுவும் அதில் இல்லை, அது பிள்ளைக்கும் போகாது என்றேன். சிவப்பணுவின் ஆயுளே ஏறக்குறைய நாலு மாசம்தான், பிறகு மண்ணீரல் அதைப் பிரித்துப்போட்டுவிடும் என்றேன்.

"அப்ப அந்த நாலு மாசம்?" என்றார் அப்பா.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பிரித்துப்போட்ட அணுவின் இரும்பை உடம்பு வீணாக்காது, எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பிப் புது அணு செய்யும் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப அவுக இரும்பு இங்கனதான இருக்கும்?"

விக்கினம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வாசிக்கிறார்கள். தெரிவிக்கக் கிளம்பியவர் பெண்ணைப் பெற்றவரேதான். மனசாட்சி விஷயத்தில் அப்பாவிடம் யாரும் பேச முடியாது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு சாமியார் பங்களாவுக்கு நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன். ஊர்ப் பேச்சுக்குத் தப்பி, சோதனைக்குத் தப்பி, கடைசியில் சொந்த அப்பாவால் என் கல்யாணம் நிற்கப்போகிறதே என்று ஆத்திரமாக இருந்தது.

சாமியார் முழுதாகக் கேட்டார். சிரிக்கவில்லை. "வாத்தியாரே, நீங்க ஞாயித்துக்கெழம நன்மை வாங்குறீகளா?"

"தவறாம வாங்குறேன் சாமி."

"அதுல இருக்குறது யாரு ரத்தம்?"

அப்பா சுவரிலிருந்த சிலுவையைப் பார்த்தார்.

"இந்தப் பங்குல அம்புட்டுப் பேரும் அந்த ஒரே ரத்தத்த வாங்குனவுகதான். ஒங்க கணக்குப்படி பாத்தா நான் இனிமே இங்க ஒரு கல்யாணமும் வைக்க முடியாது. போயிட்டு வாங்க."

அப்பா நின்று யோசித்தார். கணக்கு சரியாக வந்திருக்க வேண்டும். "தோத்திரம் சாமி" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வழியில் எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார், மன்னிப்பு மாதிரி.

மூன்றாம் ஓலையன்று அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். அத்தை தம் பங்கில் பூசைக்குப் போகாமல் முதல் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து, கோயிலில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். காலையில் இட்லி சாப்பிட வைத்துத்தான் கூட்டிவந்திருந்தார். மாதக் கணக்குப் போட்டவள் பின்னாலிருந்து குனிந்து, "எங்க, இவுக அம்மாவக் காணோம்?" என்று இழுத்தாள்.

அத்தை மெதுவாகப் பேசத் தெரியாதவர். "என் தங்கச்சிக்கு ரத்தம் ஏத்தியிருக்கு. எல்லாம் என் ரத்தம்தான்" என்றார். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஓலை வாசித்து முடியும்வரை அவர் என் கையை விடவில்லை. நான் கீழே விழவும் இல்லை.

மாத்திரை வேலை செய்தது. ஒரு நாள் அரிசி டின் திறந்தே கிடந்தது, எனக்கு எதுவும் தோன்றவில்லை. அம்மா வீடு வந்ததும் டாக்டரம்மா அவளுக்கும் மாத்திரை கொடுத்தார், உதிரப்போக்குக்கும் வைத்தியம் பார்த்தார். கல்யாண வேலையில் அவளைப் பிடிக்க முடியவில்லை. யாரும் உட்காரச் சொல்லாமலே பழகிய வீடு, இப்போது உட்கார் உட்கார் என்று கத்தியது. அவள் கேட்டால்தானே.

கல்யாணத்தன்று கோயில் படிகளில் எனக்குப் பின்னால் மாலைத் தட்டோடு ஏறிவந்தாள். அம்மா அந்தப் படிகளை ஒரே மூச்சில் ஏறி நான் பார்த்ததே இல்லை. பாதியில் நின்று முக்காட்டைச் சரிசெய்வாள், ஜெபமாலையைத் தேடுவாள், மேலே சிலுவையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பக்தி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அன்று நிற்காமல் ஏறினாள். மேல்படிக்கு வந்ததும் நின்று, ஏறிவந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

"ஏண்டி, மத்தவுகளுக்கெல்லாம் இம்புட்டு நாளும் இப்பிடித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

பூவும் பட்டுமாக நின்ற எனக்கு அழுகை அடக்க முடியாமல் வந்தது. "ஆமாம்மா" என்றேன்.